பழைய லேப்டாப், மூன்று வேலைகள்: படம் திருத்த எந்த மென்பொருளில் தொடங்குவது?

மலர்_கரூர்

எல்லோருக்கும் வணக்கம். ஃபோனில் கிராப் செய்வதைத் தாண்டி நான் படத்தில் கை வைத்ததில்லை. இப்போது மூன்று வேலைகள் ஒன்றாக வந்து நிற்கின்றன.

வரும் தையில் அப்பாவுக்கு எழுபது பூர்த்தி. அம்மா அப்பா கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும். 1978-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அம்மா கன்னத்துக்குக் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு, ஓரமெல்லாம் பூஞ்சைப் புள்ளி.

அடுத்தது, மகள் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறாள். கையெழுத்துப் படத்தை ஏற்றினால் தளம் ஏற்க மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பிரவுசிங் சென்டருக்கு நடக்கிறோம்.

பிறகு என்னுடைய வேலை. வீட்டில் கொள்ளு லட்டும் ராகி முறுக்கும் செய்து விற்கிறேன். பாக்கெட்டில் ஒட்ட தமிழில் ஒரு லேபிள் வேண்டும்.

லேப்டாப் பழசு. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். மாதாமாதம் சந்தா கட்ட வழியில்லை. போன வருடம் ஒரு கடையில் விலை உயர்ந்த மென்பொருள் ஒன்றின் கிராக் பதிப்பை ஏற்றிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் பிரவுசரைத் திறந்தால் ஏதேதோ பக்கங்கள். கடைசியில் ஃபார்மேட் செய்ததில் சின்னவனின் இரண்டு வருடப் படங்கள் போய்விட்டன. அந்த வழிக்கு இனி போக மாட்டேன். இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைப்பது எது என்று சொல்லுங்கள்.

இரவுப்பறவை

அக்கா, எதையும் ஏற்றாமலே தொடங்கலாம். ஃபோட்டோபீ என்று ஒன்று இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும். இவான் குட்ஸ்கிர் என்ற ஒருவர் 2013-இல் தொடங்கியது. படம் எந்த சர்வருக்கும் போகாது, எல்லாம் உங்கள் லேப்டாப்பிலேயே நடக்கும். வலப்பக்கம் விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு. ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள், கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் எல்லோரும் கொடுப்பது அதுதான். ஃபோட்டோபீயில் அது லேயர் லேயராகத் திறக்கும். லேயர் என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. தேதியை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். பட்டன்களும் மெனுக்களும் ஃபோட்டோஷாப் மாதிரியே இருப்பதால், யூடியூபில் ஃபோட்டோஷாப்புக்குப் போட்டிருக்கும் தமிழ்ப் பாடங்கள் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும்.

இருட்டறை

மலர் சகோதரிக்கு வணக்கம். முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்தினேன். பாதிக் காலம் இருட்டறையில் கழுவியது, மீதி கம்ப்யூட்டரில்.

நீங்கள் கேட்டிருப்பது மூன்று வெவ்வேறு வேலை. ஒரே மென்பொருளைத் தேடினால் மூன்றுக்கும் பாடுபடுவீர்கள். சமையலறையில் அரிவாள்மனையும் இருக்கிறது, தேங்காய்த் துருவியும் இருக்கிறது. கையெழுத்துப் படத்துக்கு மிகச் சின்னக் கருவி போதும். லேபிளுக்கு எழுத்து சரியாக விழும் கருவி வேண்டும். கல்யாணப் படத்துக்குத்தான் உண்மையில் படம் திருத்தும் மென்பொருள் தேவை, அதற்கு நான் கிம்ப் என்பேன். அதுவும் இலவசம்தான்.

மென்பொருளை இறக்குவதற்கு முன்னால் படத்தைக் கவனியுங்கள். சட்டத்துக்குள் இருக்கிறதா? கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும், முகமே போய்விடும். அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டாமல் இருந்தால் மெல்ல எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, 600 டிபிஐ-யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளியாக, ஸ்கேன் செய்யுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600-இல் 2400 × 3600 பிக்சல் வரும். அதை 300 டிபிஐ-யில் எட்டுக்குப் பன்னிரண்டாகத் தாராளமாகப் போடலாம். ஃபோனில் படத்தைப் படம் எடுத்து அனுப்பும் பழக்கம் இதற்கு ஆகாது. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் இன்னும் சுருக்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

தென்காசி_வேலு

//அதற்கு நான் கிம்ப் என்பேன்//

ஐயா, மரியாதையோடு மாறுபடுகிறேன். முதன்முதலில் கிம்ப்பைத் திறந்தவர்கள் பலர் அன்றைக்கே மூடியதை நேரில் பார்த்திருக்கிறேன். பட்டன் அதிகம், சொற்கள் புதிது. வீட்டு உபயோகத்துக்கு பெயிண்ட்.நெட் போதும். 2004-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி மாணவர் புராஜெக்டாகத் தொடங்கியது. விண்டோஸில் மட்டும் ஓடும். லேயர் உண்டு, 4 ஜிபி ரேமில் சட்டென்று திறக்கும். அதன் தளத்தில் இலவசம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எடுத்தால் காசு கேட்கும், வித்தியாசம் தெரியாமல் கட்டிவிடாதீர்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அதில் எழுத்தைத் தட்டி வேறு இடத்தில் கிளிக் செய்துவிட்டால் அது படமாக உறைந்துவிடும், திரும்பத் திருத்த முடியாது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு புது லேயர் போட்டுக் கொள்ளுங்கள். பிழை வந்தால் அந்த லேயரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

சும்மா அளவு குறைப்பதற்கு இர்ஃபான்வியூ. 1996-இலிருந்து இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் கண் இமைப்பதற்குள் திறக்கும். நூறு படத்தை மொத்தமாகச் சிறிதாக்கவும் தெரியும்.

எழுத்தாணி

லேபிளைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இடறும் இடம் இதுதான்.

"கொள்ளு லட்டு" என்று எழுதுகிறீர்கள். கணினி எழுத்தைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் முதலில் க, அதற்குப் பின்னால் ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைத்து வரைய வேண்டியது மென்பொருளின் வேலை. அது தெரியாத பழைய மென்பொருளில் கொம்பு க-வைத் தாண்டி வலப்பக்கம் போய் நிற்கும். "கோ", "கௌ", "கை" எல்லாவற்றுக்கும் இதே கதி. திரையில் அவசரத்தில் கவனிக்காமல் விட்டு, ஆயிரம் லேபிள் அடித்த பிறகு தலையில் கை வைத்தவர்களைத் தெரியும்.

கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் எழுத்தை அடுக்க பாங்கோ என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. அதற்குத் தமிழ் தெரியும். இருந்தாலும் எந்த மென்பொருளை எடுத்தாலும் ஏற்றியவுடன் "கொழுக்கட்டை, கௌரி, ஸ்ரீ" என்று மூன்று சொல் அடித்துப் பாருங்கள். மூன்றும் நேராக நின்றால் மேற்கொண்டு போகலாம்.

லேபிளுக்கு என் தேர்வு இங்க்ஸ்கேப். இது படம் திருத்துவதற்கானது அல்ல, கோடும் எழுத்தும் வரைவதற்கானது. 2003-இல் பிறந்து, 2020-இல் தான் 1.0 பதிப்பைத் தொட்டது. பக்க அளவை மில்லிமீட்டரிலேயே கொடுக்கலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்தின் ஓரம் பிசிறு தட்டாது, ஏனென்றால் அது புள்ளியாக இல்லை, வளைகோடாக இருக்கிறது. எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸ் போங்கள். கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, கவிவனார், பவனம் எல்லாம் அங்கே இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். பாலூ தம்பி தின்பண்டத்துக்கு நன்றாக இருக்கும், தடித்த உருண்டை எழுத்து.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு வேலை. அங்கே உங்கள் எழுத்துரு இருக்காது. எழுத்தைத் தேர்ந்து, பாத் மெனுவில் "ஆப்ஜெக்ட் டு பாத்" கொடுத்தால் எழுத்து வரைகோடாக மாறிவிடும், எந்தக் கணினியிலும் கலையாது. மாற்றுவதற்கு முன்பு ஒரு நகலை எழுத்தாகவே சேமித்து வையுங்கள். விலை ஏறினால் திருத்த வேண்டுமே.

தென்காசி_வேலு

எழுத்தாணி சொன்னதோடு ஒன்று. விற்பனை லேபிள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண், சேர்மானம், நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி, சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இவற்றுக்கெல்லாம் முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். பூவும் கொடியும் போட்டு அழகுபடுத்திவிட்டுக் கடைசியில் இவற்றைத் திணித்தால் படிக்கவே முடியாது.

நித்யா_ஓசூர்

யாரும் கேன்வாவைச் சொல்லவில்லையே? நான் பையன் பிறந்தநாள் அழைப்பிதழ், கொலு அழைப்பு எல்லாம் ஃபோனிலேயே அதில்தான் செய்கிறேன். தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன, மாதிரிகள் தயாராக இருக்கின்றன. பத்து நிமிட வேலை. லேபிளும் அதிலேயே செய்யலாமே?

எழுத்தாணி

நித்யா, அழைப்பிதழுக்கு கேன்வாவை நானும் மறுக்க மாட்டேன். கல்யாண வீட்டு அவசரத்தில் அதைவிட வேகமானது கிடையாது. ஆனால் மூன்று விஷயம் யோசியுங்கள். இணையம் வேண்டும். அழகாகத் தெரியும் படங்களில் பல கட்டணப் பகுதியில் இருக்கும், தேர்ந்து முடித்த பிறகுதான் கண்ணில் படும். மூன்றாவது, ஒரே மாதிரியை ஊரெல்லாம் எடுக்கிறார்கள். மலர் அக்காவின் லட்டு பாக்கெட்டும் அடுத்த தெரு ஊறுகாய் பாட்டிலும் ஒரே முகத்தோடு கடையில் நிற்கும். அழைப்பிதழுக்கு அது பரவாயில்லை, ஒரு நாள் வாழ்வு. லேபிள் வருடக்கணக்கில் உங்கள் பெயரைச் சுமக்கிறது.

இரவுப்பறவை

கேன்வா 2024-இல் அஃபினிட்டி மென்பொருளைச் செய்யும் செரிஃப் நிறுவனத்தை வாங்கி, 2025 அக்டோபர் இறுதியில் அந்த மென்பொருளையும் இலவசமாக்கிவிட்டது. படம், வரைகலை, பக்க வடிவமைப்பு மூன்றும் அதற்குள். நல்ல லேப்டாப் இருப்பவர்கள் பார்க்கலாம். அக்காவின் 4 ஜிபி-யில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மலர்_கரூர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்தேன்.

கையெழுத்து முடிந்தது! பிரச்சினை என்ன தெரியுமா? 10 முதல் 20 கேபி-க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். நாங்கள் பெரிதாக இருக்கிறது என்று நினைத்துச் சுருக்கிச் சுருக்கி ஏற்றியிருக்கிறோம். பார்த்தால் 6 கேபி! சிறிதாகப் போனதால்தான் ஏற்கவில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் மறுபடி போடச் சொல்லி, ஸ்கேன் செய்து, ஓரத்தை வெட்டி, தரத்தைக் கூட்டிச் சேமித்தேன். 14 கேபி. உடனே ஏற்றுக் கொண்டது. மகளின் புகைப்படம் 20 முதல் 50 கேபி, அதுவும் முடிந்தது. மகள் அடுத்த விண்ணப்பத்துக்கு அவளே செய்துகொள்கிறாள்.

கிம்ப்பும் ஏற்றிவிட்டேன். ஆனால் அதில் சேமித்த கோப்பை அனுப்பினால் யாருக்கும் திறக்கவில்லை. பெயருக்குப் பின்னால் எக்ஸ்சிஎஃப் என்று இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

இருட்டறை

தவறு ஒன்றுமில்லை. கிம்ப்பில் "சேவ்" என்பது உங்களுக்காக, "எக்ஸ்போர்ட்" என்பது ஊருக்காக. எக்ஸ்சிஎஃப் கோப்பில் லேயர் எல்லாம் அப்படியே இருக்கும், நாளைக்குத் தொடரலாம். அனுப்புவதற்கு ஃபைல் மெனுவில் "எக்ஸ்போர்ட் ஆஸ்" கொடுத்து, பெயரின் முடிவில் ஜேபிஜி என்று அடியுங்கள். அப்போது வரும் பெட்டியில் "ஷோ பிரிவியூ" என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதை டிக் செய்தால் தரத்தைக் கூட்டக் குறைக்க, கோப்பு எத்தனை கேபி ஆகும் என்று அங்கேயே காட்டும். விண்ணப்பப் படத்துக்கு இதைவிட வசதி வேறில்லை.

ஜேபிஜி-யை மறுபடி மறுபடி திறந்து திருத்திச் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஸ்கேன் செய்த மூலத்தை, சேமித்தாலும் தேயாத பிஎன்ஜி-யாக ஒரு பென்டிரைவிலும் வைத்துவிடுங்கள்.

தென்காசி_வேலு

கிம்ப்பை எங்கிருந்து இறக்கினீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். 2022-இல் கிம்ப் தளத்தின் முகவரியையே காட்டி ஒரு விளம்பரம் வந்தது. உள்ளே போனால் அச்சாக அதே மாதிரி போலித் தளம், கடவுச்சொல் திருடும் நிரல். "கிம்ப் டாட் ஆர்க்" என்று முகவரிப் பட்டியில் நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததையும் மனதில் வையுங்கள். பிறகு ஒருநாள் லினக்ஸுக்கு மாறினாலும் கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் கூடவே வரும். நான் பரிந்துரைத்த பெயிண்ட்.நெட் வராது. இந்த ஒரு விஷயத்தில் ஐயா சொன்னதுதான் சரி.

மலர்_கரூர்

நானே தட்டச்சு செய்துதான் போனேன். பதிப்பு 3 என்று காட்டுகிறது.

இப்போது அம்மாவின் கன்னம். பக்கத்துத் தோலை எடுத்துப் பழுதை மறைக்கும் ஹீலிங் கருவியால் கோட்டின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தேன். கோடு போய்விட்டது, ஆனால் தாடையில் கறுப்பாக ஒரு திட்டு பரவிவிட்டது. மகள் ஃபோனில் ஏதோ ஒரு ஏஐ செயலியில் கொடுத்தாள். ஒரு நொடியில் பளிச்சென்று வந்தது. ஆனால் அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இருட்டறை

அப்பா ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. அந்தச் செயலி உங்கள் அம்மாவைத் திருத்தவில்லை. ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து கற்றுக் கொண்டதை வைத்து அம்மா மாதிரி ஒருவரை வரைந்திருக்கிறது. இமை ஒழுங்காகும், உதடு ஒழுங்காகும், ஆள் மாறிவிடும். ஒரு வீட்டில் பாட்டியின் படத்தை அப்படிச் செய்து கொண்டு வந்தார்கள். மூக்குத்தியைத் தூசி என்று நினைத்து அழித்திருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து மூக்கு, காது, நெற்றிப் பொட்டு, கழுத்துத் தாலிக்கொடி நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். பின்னணிச் சுவரையோ தரையையோ அதனிடம் கொடுங்கள். முகத்தைக் கொடுக்காதீர்கள்.

கையால் செய்யும் முறையைச் சொல்கிறேன், அவசரமில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள்.

முதலில் கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட். பழுப்பு போய்ச் சுத்தமான கறுப்பு வெள்ளை ஆகும். அடுத்து லெவல்ஸ். அங்கே மலை மாதிரி ஒரு வரைபடம் தெரியும். இடக்கோடியில் உள்ள கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடம் வரை, வலக்கோடி வெள்ளை முக்கோணத்தை மலை முடியும் இடம் வரை நகர்த்துங்கள். மங்கல் அப்போதே பாதி போய்விடும். மலைக்குள் நுழைய வேண்டாம். நுழைந்தால் பட்டுப்புடவையின் சரிகை வெளுத்து, அப்பாவின் தலைமுடி ஒரே கறுப்புக் கட்டியாகும்.

பிறகு ஒரு வெற்று லேயர் போடுங்கள். ஹீலிங் கருவியை எடுத்து, அதன் அமைப்பில் "சாம்பிள் மெர்ஜ்டு" என்பதை டிக் செய்யுங்கள். இப்போது நீங்கள் செய்வதெல்லாம் மேல் லேயரில் விழும், கீழே மூலம் தொடப்படாமல் இருக்கும். பிடிக்காவிட்டால் அந்த இடத்தை மட்டும் ரப்பரால் அழித்துக் கொள்ளலாம்.

கோட்டை இழுக்கக் கூடாது. ஒற்ற வேண்டும். பிரஷ் அளவு கோட்டின் அகலத்தைவிடச் சற்றே பெரிது. கன்ட்ரோல் அழுத்தி, கோட்டுக்கு ஒட்டினாற்போல் அதே வெளிச்சம் உள்ள தோலில் ஒரு கிளிக். பிறகு கோட்டின் மேல் ஒரே ஒரு ஒற்று. மறுபடி புது இடத்திலிருந்து எடுத்து இன்னொரு ஒற்று. கன்னத்தில் வெளிச்சம் மேலிருந்து கீழே மாறிக் கொண்டே போகும், அதனால்தான் ஒரே இடத்திலிருந்து எடுக்கக் கூடாது.

தாடை ஓரத்தில் திட்டு ஏன் வந்தது என்றால், ஹீலிங் கருவி சுற்றியிருக்கும் நிறத்தையும் கலக்கும். தோலும் கறுப்புப் பின்னணியும் சந்திக்கும் ஓரத்தில் அந்தக் கறுப்பை உள்ளே இழுத்துவிடும். அந்த இடங்களில் குளோன் கருவிக்கு மாறுங்கள். அது கலக்காது, அப்படியே பெயர்த்து வைக்கும். கண்ணுக்குள் பூஞ்சை இல்லாவிட்டால் கண்ணைத் தொடவே வேண்டாம்.

பத்து ஒற்றுக்கு ஒருமுறை முழுப் படத்தைப் பாருங்கள். பெரிதாக்கிய திரையில் குறையாகத் தெரிவது சுவரில் மாட்டினால் தெரியாது. கொஞ்சம் பழமை மிஞ்சட்டும்.

நித்யா_ஓசூர்

ஐயா, எங்கள் வீட்டில் தாத்தா படம் இருக்கிறது, இதையே செய்து பார்க்கப் போகிறேன். இந்தக் கருவிகளைத் தமிழில் கற்க வழி உண்டா?

எழுத்தாணி

ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் கிம்ப் பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. கிம்ப்பின் மெனுவையே தமிழுக்கு மாற்றவும் முடியும். ஆனால் தொடக்கத்தில் ஆங்கில மெனுவிலேயே இருங்கள். பாடங்களில் அந்தப் பெயர்களைத்தான் சொல்வார்கள், தேடும்போது குழப்பம் வராது.

மலர்_கரூர்

முடித்துவிட்டேன். இரண்டு ஞாயிறு ஆனது. நெற்றியில் ஒரு சின்னக் கீறலை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், அது அம்மாவுக்குச் சிறு வயதில் விழுந்து பட்ட தழும்பு என்று அப்பா சொன்னார். நல்லவேளை, முதலில் அவரிடம் கேட்டேன்.

லேபிளும் இங்க்ஸ்கேப்பில் தயார், பாலூ தம்பி எழுத்து. "கொள்ளு" நேராக நிற்கிறது. அச்சகத்தில் ஒரு தாள் மாதிரி அடித்துப் பார்த்தேன், திரையில் இருந்த பச்சை தாளில் கொஞ்சம் மங்கல், மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. கலர் லேபில் எட்டுக்குப் பன்னிரண்டு பிரிண்ட் கேட்டால் மேட்டா கிளாஸியா என்கிறார்கள். கண்ணாடி போட்டுத்தான் மாட்டப் போகிறோம்.

இருட்டறை

மேட். கண்ணாடிக்குள் கிளாஸி போட்டால் ஜன்னல் வெளிச்சம் இரண்டு முறை பளபளக்கும், முகம் தெரியாது. சட்டம் போடுகிறவரிடம் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள், படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. பழைய பிரிண்டைத் தூக்கி எறியாதீர்கள். காகித உறையில் போட்டு, பீரோவில் துணிக்கு நடுவில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.